லீவுல எது மறக்குது? பிளவக்கல்ல இருக்கிற பிள்ளைக்கு சென்னையிலிருந்து 20 நிமிஷம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

மே மாசம் வந்தாச்சு. உங்ககிட்ட இருந்து வர்ற வாய்ஸ் நோட்ல பாதி ஒரே விஷயத்தைத்தான் கேக்குது. "அக்கா பையன் ஆறாவது முடிச்சிருக்கான், லீவு முழுக்க போன்தான் பாக்குறான்." "தம்பி ஏழாவது, ஊர்ல தாத்தா வீட்டுல இருக்கான், நான் இங்க பெங்களூர்ல, என்ன பண்றது?" பெத்தவங்க கேக்குற கேள்வி இப்ப சித்தி, மாமா, அண்ணன்மார்கிட்ட வந்துருச்சு. வீட்டுல கொஞ்சம் படிச்ச ஆள், வெளியூர்ல வேலை பாக்குற ஆள் நீங்கதான்னா, இந்தப் பொறுப்பு தானா உங்க தலையில விழும்.

எனக்கும் விழுந்திருக்கு. என் அக்கா பொண்ணு ஏழாவது முடிச்சு எட்டாவது போறா. அக்காவும் மாமாவும் ராஜபாளையத்துல வேலைக்குப் போறவங்க. அதனால லீவு விட்டதும் அவ பிளவக்கல் பக்கம் இருக்கிற எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவா. பிளவக்கல் தெரியாதவங்களுக்கு: ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வத்திராயிருப்பு வந்து, அங்கிருந்து மலை அடிவாரத்தைப் பாத்துப் போனா ரெண்டு அணை இருக்கும். ஒண்ணு பெரியாறு, இன்னொண்ணு கோவிலாறு. பெரியாறுன்னதும் முல்லைப் பெரியாறுன்னு நினைச்சுக்காதீங்க, இது வேற. சுத்தி தென்னந்தோப்பு, மாந்தோப்பு, நெல் வயல். டவர் ஒரு நாள் கிடைக்கும், ஒரு நாள் கிடைக்காது. அவ அங்க, நான் சென்னையில. எங்ககிட்ட இருக்கிறது ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி 20 நிமிஷம் போன்.

அந்த 20 நிமிஷத்துல என்ன பண்ணலாம்ங்கிறதுதான் இந்த எபிசோடு.

முதல்ல, லீவுல பிள்ளைங்க உண்மையிலேயே மறந்துருதுங்களா? 1996-ல அமெரிக்காவுல ஹாரிஸ் கூப்பரும் அவரோட குழுவும் அதுவரைக்கும் வந்திருந்த 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்தாங்க. கோடை லீவு முடிஞ்சு வர்ற பிள்ளை சராசரியா ஒரு மாசப் படிப்பு அளவுக்குப் பின்தங்கி இருக்குன்னு சொன்னாங்க. எல்லாப் பாடத்துலயும் ஒரே மாதிரி இல்ல. கணக்குப் போடுற திறனும் எழுத்துப்பிழை இல்லாம எழுதுறதும்தான் அதிகமா அடி வாங்குது. இந்த முடிவை எல்லாரும் ஏத்துக்கல. பழைய தேர்வுகளோட அமைப்பே இழப்பைப் பெருசாக் காட்டியிருக்கலாம்னு 2019-ல பால் வான் ஹிப்பல் எழுதினார். அளவுல சண்டை இருக்கு. ஆனா பயிற்சி விட்டா கை மறக்கிற விஷயம் எதுன்னு கேட்டா, கணக்குங்கிறது நம்ம ஊர் அனுபவத்துக்கும் பொருந்துது.

நம்ம ஊர்னு ஏன் சொல்றேன்னா, தமிழ்நாட்டுல ஒரு பெரிய லீவு வந்துச்சே. 2020 மார்ச்ல மூடின பள்ளிக்கூடம் ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் 2021 நவம்பர் 1-லதான் திறந்துச்சு. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் மூணு பேரும் தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல சுமார் 19,000 பிள்ளைங்களை 2019-லயும் பாத்திருந்தாங்க, திரும்பத் திறந்த பிறகும் பாத்தாங்க. அதே வயசுப் பிள்ளைங்களோட ஒப்பிட்டா, மொழியில விழுந்த பள்ளத்தைவிட கணக்குல விழுந்த பள்ளம் ரெண்டு மடங்கு. ஆனா அடுத்த ஆறு மாசத்துல அந்தப் பள்ளத்துல மூணுல ரெண்டு பங்கு தூர்ந்துருச்சு. அப்படித் தூர்ந்ததுல சுமார் கால்வாசி 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால வந்ததுன்னு அவங்க கணக்கு சொல்லுது.

இல்லம் தேடிக் கல்வி ஞாபகம் இருக்கா? 2021 அக்டோபர் 27-ல விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்துல முதலமைச்சர் தொடங்கி வச்சார். சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். தெருத்திண்ணை, கோயில் மண்டபம், வீட்டு முற்றம்னு கிடைச்ச இடத்துல சாயங்காலம் ஒண்ணரை மணி நேரம் வரைக்கும் சொல்லிக் குடுத்தாங்க. மாசம் 1,000 ரூபாய்தான் ஊக்கத்தொகை. பி.எட். முடிச்ச ஆசிரியர்கள் இல்ல. உங்களை மாதிரி, என்னை மாதிரி பக்கத்து வீட்டு அக்காக்கள். அதனாலதான் இந்த ஆய்வு எனக்கு முக்கியமாப் படுது. அது சின்னப் பிள்ளைங்களை வச்சுப் பண்ணின ஆய்வு, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு அப்படியே பொருத்திர முடியாது. ஆனா பக்கத்துல இருக்கிற ஒரு சாதாரண ஆள் தினமும் கொஞ்ச நேரம் உக்காந்தா பலன் இருக்குன்னு தெரியுது.

சரி, "நான் பக்கத்துல இல்லையே, போன்லதானே"ன்னு கேப்பீங்க. அதுக்கும் பதில் இருக்கு. 2020-ல ஆப்பிரிக்காவுல போட்ஸ்வானாவுல பள்ளிக்கூடம் மூடினப்ப, 4,500-க்கும் மேல குடும்பங்கள்ல ஒரு சோதனை நடந்துச்சு. சிலருக்கு வாரம் ஒரு எஸ்.எம்.எஸ்.ல கணக்கு அனுப்பினாங்க. சிலருக்கு எஸ்.எம்.எஸ்.ஸோட 20 நிமிஷம் போன்லயும் பேசினாங்க. வெறும் எஸ்.எம்.எஸ். பெருசா எடுபடல. போன்ல பேசினது எடுபட்டுச்சு. பின்னாடி இந்தியா உட்பட அஞ்சு நாட்டுல திரும்பச் செஞ்சு பாத்தாங்க, அங்கயும் போன் வேலை செஞ்சுச்சு. ஸ்மார்ட்போன்கூட வேண்டாம், பட்டன் போன் போதும். அதனால யூடியூப் லிங்க் ஃபார்வர்டு பண்ணிட்டு கடமை முடிஞ்சதுன்னு இருக்காதீங்க. கூப்பிட்டுப் பேசுங்க.

அடுத்தது, எதைச் சொல்லிக் குடுக்கிறது. இங்கதான் நம்ம வீடுகள்ல வழக்கமா ஒண்ணு நடக்கும். ஏப்ரல்லயே எட்டாவது புத்தகத்தை எங்கயாவது வாங்கி, "முதல் ரெண்டு பாடத்தை முடிச்சுரு"ன்னு குடுத்துருவாங்க. இது வேண்டாம்ங்கிறது என் கருத்து. அடுத்த வருஷப் பாடத்தை ஜூன்ல ஆசிரியர் சொல்லிக் குடுப்பார், அது அவர் வேலை. போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் அரைகுறையா நின்னுபோனதை அவர் திரும்ப எடுக்க மாட்டார், எடுக்க நேரமும் கிடையாது. ஏழாவதுல தசம எண், சதவீதம் வருது. எட்டாவது கணக்கு விகிதமுறு எண்கள்ல ஆரம்பிக்குது. தசமமும் பின்னமும் ஆடிட்டு இருந்தா, எட்டாவதோட முதல் நாளே ஆட்டம்தான்.

இதுல இன்னொரு விஷயம். தமிழ்நாட்டுல எட்டாவது வரைக்கும் யாரையும் ஃபெயில் போடுறதில்ல. நல்ல விஷயம்தான், நான் அதுக்கு எதிரா இல்ல. ஆனா அதனால ஒரு பிள்ளைக்கு வகுத்தல் வரலைன்னு வீட்டுக்குத் தெரியவே தெரியாது. ஒன்பதாவதுல இயற்கணிதம் முகத்துல அடிக்கும்போதுதான் தெரியும். அதுக்குள்ள அந்தப் பிள்ளை, "எனக்கு கணக்கு வராது"ன்னு தன்னைப் பத்தி ஒரு முடிவுக்கு வந்திருக்கும். இந்த மாவட்டமே அதுக்கு உதாரணம். 2018-ல ப்ளஸ் டூ தேர்ச்சியில விருதுநகர் 97.05 சதவீதத்தோட மாநிலத்துல முதலிடம். அதே 2018-ல மத்திய அரசோட 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியல்ல, அதாவது கைதூக்கிவிட வேண்டிய மாவட்டங்கள்ல, ராமநாதபுரத்தோட விருதுநகரும் இருந்துச்சு. பன்னிரண்டாவது வரைக்கும் போய்ச் சேர்ந்த பிள்ளைங்களைத்தான் தேர்ச்சி சதவீதம் எண்ணுது. நடுவுல நின்னவங்க அந்த எண்ணுல வர மாட்டாங்க.

அரசும் இதைக் கவனிச்சிருக்கு. 2025-26-ல ஆறாவதுல இருந்து ஒன்பதாவது வரைக்கும் தமிழ், ஆங்கிலம், கணக்கு அடிப்படைக்குன்னு 'திறன்' இயக்கத்தைக் கொண்டுவந்தது அதுக்குத்தான். அது பள்ளிக்கூடம் நடக்கும்போது. லீவுக்கு நாமதான்.

அதனால முதல் ரெண்டு நாள் சொல்லிக் குடுக்காதீங்க. கண்டுபிடிங்க. என் வழி இது: 816-ஐ 8-ஆல வகுக்கச் சொல்லுங்க. விடை 102. நிறையப் பிள்ளைங்க 12-ன்னு எழுதும், நடுவுல இருக்கிற பூஜ்யத்தை முழுங்கிரும். 12 வந்தா, வகுக்கத் தெரியலைன்னு அர்த்தம் இல்ல, இடமதிப்பு நழுவியிருக்குன்னு அர்த்தம். "8 பேருக்கு ஆளுக்கு 12 ரூபாய் குடுத்தா மொத்தம் 816 ஆகுமா?"ன்னு கேட்டா அதுவே சிரிச்சுட்டுத் திருத்திக்கும். வகுத்தல் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. ஏசர் 2024 அறிக்கைப்படி, இந்தியக் கிராமங்கள்ல எட்டாவது படிக்கிற பிள்ளைங்கள்ல 45.8 சதவீதம் பேர்தான் மூணு இலக்க எண்ணை ஒரு இலக்க எண்ணால வகுத்தாங்க. பாதிக்கும் கீழ.

அடுத்து தசமம். இதுக்கு எனக்கு அணைதான் கை குடுத்துச்சு.

பிளவக்கல் பெரியாறு அணையோட மொத்த உயரம் 47.56 அடி. எங்க பக்கம் பேப்பர் படிக்கிறவங்களுக்கு இந்த எண் மனப்பாடம். மழைக்காலத்துல நீர்மட்டம் எவ்வளவுன்னு பேப்பர்ல வரும், டீக்கடையில பேச்சா ஓடும். ஏன்னா கீழ இருக்கிற கண்மாய்கள் நிறையுறதும் நெல் நடுறதும் அதைப் பொறுத்துத்தான். ஆக 47.56 பாடப்புத்தகத்துக்குன்னு யாரோ உருவாக்கின எண் கிடையாது. தாத்தா கவலைப்படுற எண்.

நான் கேட்டேன்: "இன்னைக்கு மட்டம் 18.4 அடின்னு வச்சுக்கோ, நேத்து 18.25. கூடியிருக்கா குறைஞ்சிருக்கா?" அவ உடனே, "குறைஞ்சிருக்கு சித்தி, 25 பெருசுல்ல"ன்னா. இது அவளுக்கு மட்டும் நடக்கிறதில்ல. புள்ளிக்குப் பின்னாடி நீளமா இருந்தா பெரிய எண்ணுன்னு நினைக்கிறது உலகம் முழுக்கப் பிள்ளைங்ககிட்ட இருக்கிற பழக்கம். புள்ளிக்குப் பின்னாடி வர்றதைத் தனி முழு எண்ணாப் பாக்குறாங்க. நான் விதி எதுவும் சொல்லல. "18 ரூபாய் 40 காசு பெருசா, 18 ரூபாய் 25 காசு பெருசா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்போ 4-ன்னா 40-ஆ?"ன்னா. அன்னைக்கு 20 நிமிஷமும் அதுலயே போச்சு, வேற எதுவும் எடுக்கல. மறுநாள் 47.56-ல இருந்து 18.4-ஐக் கழிக்கச் சொன்னேன். புள்ளிக்கு நேரா புள்ளி வச்சு 29.16 கொண்டுவந்தா. அதாவது அணை நிறைய இன்னும் 29.16 அடி வேணும்.

இதுக்கப்புறம்தான் சுவாரசியம். சதவீதம் போட்டோம்: 18.4-ஐ 47.56-ஆல வகுத்து 100-ஆல பெருக்கினா சுமார் 38.7. "அப்போ அணையில 38.7 சதவீதம் தண்ணி இருக்கு"ன்னு அவ சொன்னா. பக்கத்துல இருந்த தாத்தா, "அம்புட்டெல்லாம் இருக்காது, அடியில குறுகலுல்ல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். ஒரு வரிதான், ஆனா ஒரு வாரப் பாடம் கிடைச்சுச்சு. உயரத்துல பாதின்னா கொள்ளளவுல பாதி கிடையாது. அணை வாளி மாதிரி நேராவா இருக்கு, மேல போகப் போக விரியுதே. சோதிக்க அடுப்படியில இருந்து எண்ணெய் ஊத்துற புனலை எடுக்கச் சொன்னேன். குழாய் வாயைக் கட்டைவிரலால அடைச்சுக்கணும். கூம்போட பாதி உயரம் வரைக்கும் தண்ணி ஊத்தி, அதை ஒரு சின்ன டம்ளர்ல கொட்டி, தண்ணி நிக்கிற இடத்துல கோடு போடணும். அப்புறம் முழுப் புனல் நிறைய அந்தக் கோட்டு அளவு எத்தனை தடவை ஊத்த வேண்டியிருக்குன்னு எண்ணணும். சரியான கூம்பா இருந்தா எட்டு. புனல் சரியான கூம்பா இருக்காது, ஏழரை வரும், எட்டரை வரும், பரவாயில்ல. "பாதி உயரத்துக்கு எட்டுல ஒரு பங்குதானா?"ன்னு அவ கத்தின சத்தம் ஸ்பீக்கர்ல கேட்டுச்சு.

எட்டுல ஒரு பங்குக்கு எங்க அம்மாகிட்ட பேர் இருக்கு: அரைக்கால். இந்த வார்த்தையைக் கொஞ்சம் நின்னு கவனிங்க. கால்ல அரை. அதாவது 1/2 பெருக்கல் 1/4 சமம் 1/8. பின்னப் பெருக்கல் அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு. அதுல பாதி வீசம், 1/16. பெரியவங்க இருக்கிற வீட்டுல லீவுக்குப் போற பிள்ளைக்கு இந்தச் சொற்கள் இலவசமாக் கிடைக்கும். "அம்மாச்சிகிட்ட அரைக்கால், வீசம், முக்கால் கேட்டு பின்னமா எழுதி போட்டோ அனுப்பு"ன்னு சொன்னா, ஒரு நாள் வேலை முடிஞ்சுது. பின்னம் பயமுறுத்துற பிள்ளைக்கு, அம்மாச்சி வாயில வர்ற பின்னம் பயமா இருக்காது.

ஒரு சின்னக் கணக்கு உங்களுக்கும். பேப்பர்ல 'மில்லியன் கன அடி'ன்னு போடுவாங்கல்ல? ஒரு மில்லியன் கன அடின்னா சுமார் 2 கோடியே 83 லட்சம் லிட்டர். நம்ம சென்னைத் தெருவுல வர்ற 12,000 லிட்டர் தண்ணி லாரியில சுமார் 2,360 லோடு. இதையும் அவளையே வகுத்துச் சொல்லச் சொன்னேன். பூஜ்யம் எண்ணுறதுல தகராறு நடந்துச்சு, அதுவும் பயிற்சிதான்.

(அணைப் பக்கம் பிள்ளையைத் தனியா அனுப்பாதீங்க. மட்டம் பாக்கணும்னா பெரியவங்க யாராவது கூடப் போகணும். தண்ணி கம்மியா இருக்கேன்னு இறங்குற இடம் கிடையாது அது.)

உங்க பிள்ளை பிளவக்கல்ல இல்லாம இருக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன்ல இருந்தா, பால்கோவா கடையில ஒரு கிலோவுக்கு எத்தனை லிட்டர் பால், எவ்வளவு சர்க்கரைன்னு கேட்டு விகிதம் போடச் சொல்லலாம். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பால்கோவா, கடைக்காரர் பெருமையாவே சொல்லுவார். வேற ஊர்னா வேற பொருள். அந்த ஊர்ல பெரியவங்க எந்த எண்ணைப் பத்திக் கவலைப்படுறாங்கன்னு பாருங்க. அந்த எண்ணுல இருந்து ஆரம்பிக்கலாம்.

நேரம் எப்படிப் பிரிக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் மொத்தமா உக்கார வைக்கிறதைவிட, தினம் 20 நிமிஷம் நல்லது. இடைவெளி விட்டுப் பழகினதுதான் நிக்கும்னு எபிங்கவுஸ் 1885-லயே எழுதிட்டார். அப்புறம், திரும்பத் திரும்பப் படிக்கிறதைவிட மூடி வச்சுட்டு யோசிச்சு எழுதுறது. 2006-ல ரோடிகரும் கார்பிக்கும் பண்ணின சோதனையில, திரும்பப் படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு நல்லாச் சொன்னாங்க. ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா, மூடி வச்சு எழுதிப் பாத்தவங்கதான் முன்னாடி இருந்தாங்க. அதனால போன் எடுத்ததும் என் முதல் கேள்வி எப்பவும், "முந்தாநாள் என்ன பாத்தோம், புத்தகம் பாக்காம சொல்லு." ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.

படிக்கிற பழக்கத்துக்கு வர்றேன். இதுல நான் பிடிவாதமா இருக்கிறது ஒண்ணுலதான்: புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கணும். ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் ஃபுளோரிடாவுல ஏழைக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு மூணு கோடைக்கு, கோடைக்கு 12 புத்தகம் குடுத்தாங்க. பிள்ளைங்களே தேர்ந்தெடுத்த புத்தகம். ஆசிரியர் இல்ல, வகுப்பு இல்ல. மூணு வருஷம் கழிச்சு, புத்தகம் கிடைச்ச பிள்ளைங்க வாசிப்புத் தேர்வுல கூட மார்க் வாங்குனாங்க. சின்ன வகுப்புப் பிள்ளைங்கதான், ஆனாலும் 12 புத்தகம் நம்ம கைக்கு எட்டுற எண்.

காசு இல்லாமலே பண்ணலாம். தமிழ்நாடு பள்ளிக்கல்வித்துறை வாசிப்பு இயக்கத்துக்குன்னு நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியில சின்னச் சின்னப் புத்தகம் போட்டிருக்கு. பேரே எவ்வளவு அழகு பாருங்க. ஏழாவது பிள்ளைக்கு 'நட'யே சரியா இருந்தா அங்கயே ஆரம்பிங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஆறாவது முதல் ஒன்பதாவதுக்கு 'தேன்சிட்டு' இதழ் இருக்கு. அறிவியல் பிடிச்சா 'துளிர்', 1987-ல இருந்து வருது. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்ல தமிழ்க் கதைகள் இலவசம், டவர் கிடைக்கிற நேரத்துல இறக்கி வச்சுக்கலாம். 2022 ஜூன் 1-ல இருந்து 12 வரைக்கும், பள்ளிக்கூடம் திறக்குறதுக்கு முன்னாடி, இல்லம் தேடிக் கல்வி பிள்ளைங்க கூகுள் ரீட் அலாங் செயலியில வாசிப்பு மாரத்தானே ஓடினாங்க. சத்தமா வாசிச்சா செயலி கேட்டுத் திருத்தும். போன்ல நீங்க கேட்டாலும் அதே வேலைதான். நான் ஒரு பக்கம் சத்தமா வாசிக்கச் சொல்லிக் கேக்குறேன், திக்குற இடத்தை மட்டும் குறிச்சுக்குறேன். வாசிச்சு முடிச்சதும் "நீதி என்ன?"ன்னு கேக்க மாட்டேன். அந்தக் கேள்விதான் கதை மேல இருக்கிற ஆசையைக் கொல்லும்.

எழுதுறதுக்கு தினம் அஞ்சு வரி. காப்பி நோட் இல்ல, அவ பாத்தது. மலையடிவாரம்ங்கிறதால பாக்க நிறைய இருக்கு. பக்கத்துக் காடு 1988-ல இருந்து சாம்பல் நிற அணில்கள் சரணாலயம். 2021 பிப்ரவரியில ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமா அறிவிச்சாங்க. அவ ஒரு நாள் தோப்புல அணில் பாத்ததை எழுதி அனுப்பினா. சாதா அணிலாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். ஆனா வால் நீளம், நிறம், எந்த மரம், எத்தனை மணின்னு எழுதியிருந்தா. நான் 'ழ'வும் 'ள'வும் மாறின ரெண்டு சொல்லை மட்டும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். எல்லாத் தப்புக்கும் வட்டம் போட்டா மறுநாள் மூணு வரிதான் வரும்.

ஆங்கிலம் கேப்பீங்க. தினம் பத்து வரி சத்தமா வாசிக்கிறது, அதுல தெரியாத மூணு சொல்லுக்குத் தமிழ்ல அர்த்தம் சொல்றது. அதுக்கு மேல இந்த லீவுல நான் போகல.

கடைசியா ஒரு வாய்ஸ் நோட் கேள்வி. "என் தம்பி நான் கூப்பிட்டாலே போனை அம்மாகிட்ட குடுத்துட்டு ஓடிர்றான், என்ன பண்றது?" நியாயமான கேள்வி. ரெண்டு விஷயம் சொல்றேன். ஒண்ணு, நேரத்தை அவனையே சொல்லச் சொல்லுங்க. விளையாடிட்டு இருக்கிற பிள்ளையை ஆறு மணிக்குக் கூப்பிட்டா ஓடத்தான் செய்வான். எட்டு மணின்னா எட்டு மணி, 20 நிமிஷம்னா 20 நிமிஷம். நல்லாப் போகுதேன்னு 40 நிமிஷமா இழுக்காதீங்க, மறுநாள் எடுக்க மாட்டான். ரெண்டாவது, முதல் மூணு நாள் அவன் உங்களுக்குச் சொல்லிக் குடுக்கட்டும். அவன் ஊர்ல இருக்கிற, உங்களுக்குத் தெரியாத ஒரு எண்ணைக் கேளுங்க. கண்மாயில எவ்வளவு தண்ணி, தேங்காய் என்ன விலை, முதல் பஸ் எத்தனை மணிக்கு, அது எத்தனை நிமிஷம் லேட். நீங்க தப்பா ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்க. அதைத் திருத்துறதுக்காகவாவது அவன் லைன்ல நிப்பான்.